வெயில் பொறுக்கும் வீடு

பங்குனி மாதக் கடைசியில் என் பேத்தி ஒரு வீட்டுப்படத்தைக் கொண்டுவந்து என் மேசையில் விரித்தாள். கட்டடக் கலை படிக்கிற பிள்ளை. யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் எங்கள் வளவின் கிழக்குப் பாதியில் அவளுடைய தகப்பன் கட்டப்போகும் வீட்டை அவளே வரைந்திருந்தாள். கோடுகள் சுத்தம், அளவுகள் சரி. அறைகள் நான்கு, நான்கிலும் ஏசி பூட்டுவதற்கு அடையாளம் போட்டிருந்தாள்.

"அப்பப்பா, பிழை இருந்தால் சொல்லுங்கோ."

நான் ஓவசியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். படத்தைக் கண்டால் கண் தானாகவே பிழை தேடும். ஆனால் அன்று ஒரு கேள்விதான் கேட்டேன்.

"பிள்ளை, இதில மேற்கு எங்க?"

படத்தை ஒருமுறை திருப்பினாள். பிறகு யன்னலுக்கு வெளியே எட்டிப் பார்த்தாள். வடக்குக் குறியை அவள் போடவேயில்லை.

அவளைத் தலைகுனிய வைக்க நான் அதைக் கேட்கவில்லை. அவளுடைய வயதைத் தாண்டிய பிறகும், இதே வளவில், இதே பிழையை விட்டவன் நான். அதைத் திருத்த எனக்கு இருபது ஆண்டுகள் பிடித்தன. அந்தக் கதையை அவளுக்குச் சொன்னேன். வீடு கட்டப்போகும் உங்கள் எல்லோருக்கும் அது உதவும் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

நான் பிறந்தது நாற்சார் வீட்டில். நடுவே முற்றம், நாலு பக்கமும் தாழ்வாரம், வெளியே விறாந்தை. ஒன்றரை அடி அகலச் சுண்ணாம்புக்கல் சுவர். பனஞ்சலாகைக்கு மேல் நாட்டோடு. மின்சாரம் எங்கள் ஒழுங்கைக்கு வராத காலம் அது. ஆனால் சித்திரை வெயிலில் பள்ளிக்கூடம் விட்டு வந்து தாழ்வாரத்துச் சீமெந்தில் வெறும் மேலோடு படுத்தால், உடம்பில் சில்லென்று ஏறும்.

அந்தக் குளிர்ச்சிக்குக் காரணம் கல்லும் ஓடும் மட்டுமென்று நெடுங்காலம் நினைத்திருந்தேன். அம்மம்மாவும் ஒரு காரணம். காலை பத்து மணிக்கு மேற்குப் பக்க யன்னல்களைச் சாத்துவா. பொழுது சாய்ந்ததும் எல்லாக் கதவுகளையும் திறந்துவிடுவா. முற்றத்தில் தண்ணீர் தெளிப்பா. இரவுக் குளிர்காற்று பாரமானது. அது முற்றத்தில் இறங்கித் தங்கும். சூடான காற்று லேசானது. அது ஓட்டிடுக்குகளால் மேலேறி வெளியேறும். தடித்த சுவர் பகல் வெயிலை உள்ளே விட மனமில்லாமல் இழுத்தடிக்கும். அம்மம்மா பௌதிகம் படித்தவ இல்லை. ஆனால் வீட்டை எப்போது மூடுவது, எப்போது திறப்பது என்று தெரிந்தவ. கட்டினவனின் அறிவு பாதி, குடியிருப்பவரின் பழக்கம் மீதி. இரண்டும் சேர்ந்தால்தான் வீடு குளிரும்.

பழையதெல்லாம் பொன் என்று சொல்ல வரவில்லை, பிள்ளைகளே. நாற்சார் வீடு எல்லோருக்கும் வாய்த்ததில்லை. காணியும் காசும் சாதியும் உள்ளவர்களின் வீடு அது. பெரும்பாலான சனம் மண்சுவரும் கிடுகுக் கூரையுமாக இருந்தது. எங்கள் வீட்டிலும் உள்ளறைகள் பகலில் இருட்டு. குசினிப் புகை அம்மாவின் கண்ணைத் தின்றது. மழைக்கு முன் ஓடு மாற்றும் செலவு ஆண்டுதோறும் வந்தது. குறைகளைத் திருத்தியிருக்க வேண்டும். நான் வீட்டையே இடித்தேன்.

1976 என்று நினைவு. உத்தியோகம் நிலைத்துவிட்டது. 1950 முதல் காங்கேசன்துறையில் சீமெந்து உற்பத்தியானதால் எங்களுக்கு அது வீட்டு வாசல் பொருள். தட்டையான கொங்கிறீற் கூரை போட்ட வீடுதான் அப்போது மதிப்பு. ஓட்டை இறக்கி விற்றேன். முற்றத்தை மூடிக் கூடமாக்கினேன். விறாந்தை வீண் செலவென்று விட்டுவிட்டேன். தெருவில் போகிறவர் பார்க்க வேண்டும் என்பதற்காகப் பெரிய யன்னல்களை எல்லாம் மேற்கே வைத்தேன். எங்கள் தெரு மேற்கில் இருந்தது.

குடிபுகுந்த முதல் சித்திரையில் அம்மா விடியற்காலை எழும்பி வெளியே வந்து மாமரத்தடியில் உட்கார்ந்திருந்தா. ஏன் என்று கேட்டேன்.

"தம்பி, இந்த வீடு பகல் முழுக்க வெயிலைச் சேர்த்து வைச்சு, இரவில எங்களுக்குத் தருது."

பின்னாளில் நான் படித்த புத்தகங்கள் பல பக்கங்களில் சொன்னது அந்த ஒரு வரியைத்தான். ஐந்தாறு அங்குலக் கொங்கிறீற் நண்பகலில் வாங்கிய சூட்டை மெதுவாகக் கீழே கடத்தும். வெளியே காற்று குளிரத் தொடங்கும் இரவு ஏழு எட்டு மணிக்கு, உள்ளே கூரை அடுப்புக்கல்லாக நிற்கும். நாங்கள் பூமத்திய ரேகைக்கு வடக்கே பத்துப் பாகைக்குள் இருக்கிறோம். உச்சி வெயில் ஆண்டு முழுக்கச் சுவரைவிடக் கூரையைத்தான் அதிகம் அடிக்கும். கூரையில் விட்ட பிழையைச் சுவரில் திருத்த முடியாது.

இதில் இன்னொரு வேடிக்கை உண்டு. 1960களின் தொடக்கத்தில் கொழும்பு அல்பிரட் பிளேசில், கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா, ஏனா டி சில்வா என்பவருக்காக ஒரு வீடு கட்டினார். நடு முற்றம், சுற்றிலும் தாழ்வாரம், மேலே ஓடு. உலகம் அதை நவீனத்தின் பாடமாகக் கொண்டாடியது. பிற்காலத்தில் அந்தக் காணி கைமாறியபோது, வீட்டைக் கல் கல்லாகக் கழற்றி லுணுகங்கவுக்குக் கொண்டுபோய்த் திரும்பக் கட்டினார்கள். பாவா முற்றத்தைத் தேடிப் போன பிறகு நான் என் முற்றத்துக்கு மூடி போட்டேன். அயலாரின் கண்ணுக்காகக் கட்டிய வீட்டில் அயலார் வந்து படுப்பதில்லை, வேர்ப்பது நாம்தான்.

அப்போதெல்லாம் மின்விசிறி என் பிழையை மூடி மறைத்தது. 1990இல் போர் மீண்டும் மூண்டபோது குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது. மண்ணெண்ணெய், பற்றரி, சீமெந்து எல்லாவற்றுக்கும் தடை. ஜாம் போத்தலின் அடியில் பஞ்சை வைத்து, அது நனையும் அளவுக்கு மட்டும் மண்ணெண்ணெய் விட்டு, மெல்லிய திரி போட்டு எரித்தோம். அந்தப் பொட்டு வெளிச்சத்தில் படித்த பிள்ளைகள் இன்று உலகமெங்கும் வைத்தியர்களாகவும் பொறியியலாளர்களாகவும் இருக்கிறார்கள். சிக்கனம் என்பதை எங்களுக்கு யாரும் வகுப்பெடுத்துச் சொல்லித் தரவில்லை.

அந்த ஆண்டுகளில் ஒவ்வொரு வீடும் பரீட்சைக்கு உட்கார்ந்தது. ஓட்டு வீடுகளும் மண் வீடுகளும் தேறின. என் வீடு தோற்றது. ஓவசியர் வீட்டுக்காரர் மாலையானால் பாயைச் சுருட்டிக்கொண்டு அடுத்த வீட்டு விறாந்தைக்குப் போவதை ஊர் பார்த்தது. கூரை தாங்கிய பனைகளோ பங்கர் மூடுவதற்குக் குற்றிகளாக விழுந்தன. ஒரு பனை வைரம் ஏற எத்தனையோ ஆண்டுகள். விழுத்த ஒரு பொழுது.

1995 ஐப்பசியில் போர் நெருங்கிவர, வலிகாமம் ஒரே இரவில் வெளியேறியது. தென்மராட்சியில் ஒருவரின் மாந்தோப்பில், கிடுகால் வேய்ந்த கொட்டிலில் நாங்கள் ஒன்பது பேர். மாரி மழையில் ஒழுகியது. அதைப் பற்றி இனிமையாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் தை போய்ப் பங்குனி வெயில் வந்தபோது எனக்கு விளங்கிவிட்டது. என் கொங்கிறீற் வீட்டில் கிடைக்காத நித்திரை அந்தக் கொட்டிலில் கிடைத்தது. மேலே மரநிழல், அதற்குக் கீழே ஓலை, பக்கங்களில் காற்று. என் வீட்டில் இல்லாத மூன்றும் அங்கே இருந்தன. இழந்து நின்ற இடத்தில் கற்ற பாடம் அது. இழப்பு நல்லதென்று சொல்ல மாட்டேன்; ஆனால் இழந்தும் கற்காதவன் இருமுறை இழந்தவன்.

ஊர் திரும்பியபோது வீட்டுக்கு யன்னல் கதவுகள் இல்லை. கூரை மட்டும் உறுதியாக நின்றது. இடிக்கவும் வழியில்லை, புதிதாகக் கட்டவும் காசில்லை. பழைய மேசனார் ஒருவர், என்னிலும் பதினைந்து வயது மூத்தவர், ஏணி வைத்து மேலே ஏறிப் பார்த்துவிட்டு வந்து, "ஐயா, முதல்ல இதுக்கு வெள்ளை அடிப்பம்" என்றார். கூரைக்கு வெள்ளையா என்று எனக்குச் சிரிப்பு வந்தது.

முதல் நாள் சுண்ணாம்பை நீற்றி, இரவு முழுக்க ஊறவிட்டார். காலையில் துணியில் வடித்து, ஒட்டுவதற்கு அரிசிக் கஞ்சி சேர்த்தார். கூரையைக் கழுவி, ஈரம் காயுமுன் தும்புத் தடியால் முதல் பூச்சு. காய்ந்ததும் குறுக்காக இரண்டாவது. அடுத்த நாள் மூன்றாவது. அதற்கு முன், நண்பகலில் வெறுங்காலோடு அந்தக் கூரையில் மூன்று எட்டு வைக்க முடியாது, பாதம் பொரியும். மூன்றாம் பூச்சு காய்ந்த பிறகு மேசனார் உச்சி வெயிலில் அதன் நடுவே நின்று, வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டு, "இப்ப ஏறி வாங்கோ" என்றார். ஏறினேன். கால் நின்றது. வெயிலில் கண் கூசியது. கூசியதே அதன் வெற்றி: கீழே இறங்கியிருக்க வேண்டிய வெயில் மேலே திரும்பிப் போய்க்கொண்டிருந்தது.

வெள்ளை மாரிக்குக் கரையும். ஆண்டுதோறும் தைப்பொங்கல் கழிய அடித்தோம். சில ஆண்டுகள் கழித்துக் கையில் காசு சேர்ந்ததும், அந்தத் தட்டைக் கூரைக்கு மேல் ஒரு முழ இடைவெளி விட்டுப் பனஞ்சலாகை பொருத்தி ஓடு வேய்ந்தோம். கூரைக்குக் குடை பிடித்தது போல. ஓடு வெயிலை வாங்கும், இடையில் ஓடும் காற்று சூட்டைக் கொண்டுபோகும், கொங்கிறீற் நிழலில் நிற்கும். மேற்கு யன்னல்களில் இரண்டைக் கல் வைத்து அடைத்து, மற்றவற்றின் முன் விறாந்தை இறக்கினேன். 1976இல் வீண் செலவென்று விட்ட அதே விறாந்தை. பிழையைத் திருத்தும் செலவு, பிழை விடும் செலவைவிட எப்போதும் கூட.

போர் முடிந்து வீட்டுத்திட்டங்கள் வந்தன. இந்திய வீட்டுத்திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு 5,50,000 ரூபாய் கொடுத்து, சொந்தக்காரரே நின்று கட்டும்படி விட்டார்கள். பணம் போதாமல் கடன்பட்டவர்களைக் கண்டிருக்கிறேன். ஆனால் யன்னலை எங்கே வைப்பதென்று அந்தந்தக் குடும்பமே தீர்மானித்தது. பிறகு 2015, 2016 அளவில் வடக்குக் கிழக்குக்கு 65,000 இரும்பு வீடுகள் என்ற திட்டம் வந்தது. ஒன்றின் விலை ஏறக்குறைய 21 இலட்சம். விரைவாகப் பொருத்திவிடலாம் என்பது ஆதரித்தவர்களின் நியாயம். மாதிரி வீடு ஒன்றை நானும் போய்ப் பார்த்தேன். என்னோடு நின்ற ஒரு முதிய தாய், எல்லா அறையையும் சுற்றி வந்துவிட்டு ஒன்று கேட்டா: "அப்ப, விறகடுப்பு எங்க மூட்டுறது?"

அந்தக் கேள்விக்குப் பின்னால் நாடே கேட்ட கேள்விகள் இருந்தன. இந்த வெக்கையில் உலோகக் கூரையும் சுவரும் என்ன செய்யும்? கடற்காற்றில் எத்தனை ஆண்டு நிற்கும்? உடைந்தால் எந்த மேசன் திருத்துவான்? இந்தக் காசில் கல்வீடு இரண்டு கட்டலாமே? பொறியியலாளர்கள் கணக்கோடு கேட்டார்கள், மக்கள் பிரதிநிதிகள் கேட்டார்கள், வீடில்லாத சனமும் கேட்டது. கடைசியில் திட்டம் கைவிடப்பட்டது. வீடில்லாமல் தகரக் கொட்டிலில் இருந்தவர்களும் இது தங்களுக்கு ஒத்துவராது என்று சொல்லத் துணிந்ததை நான் இன்றும் மரியாதையோடு நினைக்கிறேன். தேவை பெரிதாக இருக்கும்போது பொருத்தம் பார்ப்பது கடினம். அப்போதுதான் அதைப் பார்க்கவும் வேண்டும்.

கடைசிப் பரீட்சை 2022இல் வந்தது. ரொறன்ரோவில் இருக்கும் என் தங்கையின் மகன் ஊரில் ஒரு வீடு கட்டியிருந்தான். முன்புறம் முழுக்கக் கண்ணாடி, அலுமினிய யன்னல்கள், அறைக்கு ஒரு ஏசி. யன்னல்களில் பாதி திறக்காது. பங்குனிக் கடைசியில் குடும்பத்தோடு வந்து இறங்கினான். அந்தக் கிழமைதான் நாட்டில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்சாரம் வெட்டினார்கள். இரண்டாம் இரவு, குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு என் படலையில் வந்து நின்றான்.

"மாமா, அங்க படுக்கேலாது. இங்க விறாந்தையில படுக்கட்டே?"

பாய் விரித்துக் கொடுத்தேன். ஒரு காலத்தில் நானும் அடுத்த வீட்டு விறாந்தை தேடிப் போனவன். அவனைப் பார்த்து எப்படிச் சிரிப்பேன்? அந்த ஆவணியில் மின்கட்டணம் சராசரி 75 வீதம் ஏறியது. 2023 மாசியில் மேலும் 66 வீதம். மருமகன் இப்போது கண்ணாடிக்கு முன்னால் பந்தல் போட்டு, யன்னல்களை மாற்றிக்கொண்டிருக்கிறான். திருத்தத் தொடங்கியவனுக்குக் காலம் கடப்பதில்லை.

இனி, பேத்திக்கு நான் சொன்ன ஒழுங்கைச் சொல்கிறேன். இதில் வரிசைதான் முக்கியம்.

முதலில் நிழல். படம் வரையுமுன் வளவில் ஒரு தடியை நட்டு ஒரு நாள் முழுக்க அதன் நிழலைப் பாருங்கள். வீட்டின் நீண்ட சுவர்கள் வடக்கும் தெற்கும் பார்க்கட்டும். கிழக்கும் மேற்கும் குறுகட்டும். மேற்கே வேம்போ பூவரசோ நிற்கட்டும். இறவாரம் மூன்றடி நீளட்டும். இரண்டாவது காற்று. சோளகம் தென்மேற்கால் வரும், வாடை வடகிழக்கால் வரும். வருகிற காற்றுக்கு ஒரு வாசலும் போகிற காற்றுக்கு ஒரு வாசலும் வையுங்கள். ஒரு பக்கம் மட்டும் யன்னல் வைத்த அறைக்குள் காற்று விருந்துக்கு வராது. சூடு வெளியேறச் சுவரின் உச்சியில் துளைக்கல் வையுங்கள். மூன்றாவது கூரை, அதைப் பற்றி என் உள்ளங்கால் சாட்சி சொல்லிவிட்டது. நான்காவது பொருள். உலகம் வெளியிடும் கரியமிலவாயுவில் நூற்றுக்கு ஏழெட்டுப் பங்கு சீமெந்து உற்பத்தியால் வருகிறது. ஆகவே தேவையான இடத்தில் சீமெந்து, மற்ற இடத்தில் சுண்ணாம்பு, கிடைத்தால் பழைய கல், பழைய ஓடு, பழைய பனை. இடித்த வீட்டின் கல்லைக் குப்பை என்று எண்ணாதீர்கள். அதை உடைத்த கையும் சுமந்த தோளும் அதற்குள் இருக்கின்றன.

இவ்வளவும் முடிந்த பிறகுதான் மின்சாரத்தின் பேச்சு. சாதாரண மின்விசிறி 75 வாற் அளவு இழுக்கும். புதிய வகை மோட்டர் உள்ளது முப்பது வாற்றோடு அதே காற்றைத் தரும். ஒரு டன் ஏசி முழு வேகத்தில் ஆயிரம் வாற் அளவு கேட்கும். அப்படியென்றால் ஒரு ஏசியின் மின்சாரத்தில் முப்பது மின்விசிறி சுற்றும். கூரையில் சூரியப் பலகை பூட்டுவதும் நல்லதே. ஆனால் ஓட்டை வாளியை அடைக்காமல் கிணற்றை ஆழமாக்காதீர்கள். பெரிய கட்டடங்களுக்கு நாட்டில் வலுச் சிக்கனக் கோவை இருக்கிறது. 2008இல் நிலைபெறுதகு வலு அதிகாரசபை வெளியிட்டது. சிறு வீட்டுக்கோ, கட்டுகிறவரின் நிதானம்தான் சட்டம்.

சித்திரை பிறந்ததற்கு அடுத்த நாள், பேத்தி வளவின் கிழக்குப் பாதியில் ஒரு தடியை நட்டுவிட்டு என்னைக் கூப்பிட்டாள். பகல் பன்னிரண்டு பத்துக்குத் தடியின் நிழல் அதன் காலடிக்குள் ஒடுங்கி இல்லாமல் போயிற்று. யாழ்ப்பாணத்தில் சூரியன் நேர் உச்சிக்கு வரும் நாள் அது. இனி ஆவணிக் கடைசி மட்டும் நண்பகல் வெயில் வடக்கிலிருந்து வரும், நிழல் தெற்கே விழும் என்றேன். "அப்ப வடக்குச் சுவருக்கும் இறவாரம் வேணும்" என்றாள். நான் சொல்லாததை அவளே கண்டுபிடித்தாள்.

அடுத்த கிழமை புதுப்படம் வந்தது. மூலையில் வடக்குக் குறி. அதன் பக்கத்தில் சோளகத்துக்கும் வாடைக்கும் ஒவ்வோர் அம்பு. நடுவில் சிறிய முற்றம். ஏசி அடையாளம் நான்கில் மூன்று அழிந்திருந்தது. மிஞ்சிய ஒன்று எனக்கென்று ஒதுக்கிய அறையில்.

"இதையும் அழிக்கட்டே, அப்பப்பா?"

"இருக்கட்டும், பிள்ளை. வயசான உடம்பு, எப்பவோ ஒருநாள் தேவைப்படும். ஆனா, வீட்டால் ஏலாதெண்டு கண்ட பிறகு அதைப் பூட்டுவம்."

அவள் அந்த அடையாளத்தை அழிக்கவில்லை; பென்சிலால் மெல்லிய கோடாக மாற்றி வைத்தாள்.